பிக் டாடி லிப்ஸ்கம்ப்: ஓர் உடற்கூறாய்வும் அடைபட்ட கதவும்

1956ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி தனக்கு வேண்டாமென்று விடுவித்த கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைப் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி வெறும் 100 டாலர் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டது. அவர்தான் யூஜின் லிப்ஸ்கம்ப். எவருடைய பெயரும் நினைவில் நிற்காமல் எல்லோரையும் 'லிட்டில் டாடி' என்றே அழைத்ததால், அவருக்கு 'பிக் டாடி' என்ற பெயர் வந்தது.

1931இல் அலபாமாவின் யூனியன்டவுனில் பிறந்தவர். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். பதினொரு வயதில், டெட்ராய்ட் நகரப் பேருந்து நிறுத்தமொன்றில் அவருடைய தாய் குத்திக் கொல்லப்பட்டார். பாட்டனாரிடம் வளர்ந்த சிறுவன் உணவுக்கும் உறைவிடத்துக்கும் உழைத்துப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. கடற்படைக் காலாட்படையின் அணியில் ஆடியபோதுதான் அவருடைய ஆற்றல் வெளிப்பட்டது. பெரும்பாலோர் கல்லூரி வழியே வந்த தொழில்முறைக் களத்துக்குள் அவர் 1953இல் இவ்வாறு நுழைந்தார்.

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவர் தம் இடத்தைக் காத்தால் போதும் என்று கருதப்பட்ட காலம் அது. ஆறரை அடி உயரமும் ஏறத்தாழ 130 கிலோ எடையும் கொண்ட லிப்ஸ்கம்ப், பந்தோடு ஓடுபவரை மைதானத்தின் எல்லைக்கோடு வரை துரத்திப் பிடித்தார். வீழ்த்தியவரைத் தாமே கைகொடுத்துத் தூக்கியும் விட்டார். 1958இலும் 1959இலும் கோல்ட்ஸ் வாகை சூடியது. ஆனால் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் களத்தில் கைதட்டிய அதே பால்டிமோரில் பல உணவகங்கள் அவர்களுக்குத் திறக்கவில்லை. எதிரணியை நடுங்கவைத்த அவரோ, இரவில் கட்டிலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தே உறங்கினார். தாயை இழந்த அச்சம் இறுதிவரை அவரை விடவில்லை என்றே தோன்றுகிறது.

1961இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 1963 ஜனவரியில் நட்சத்திர ஆட்டத்தின் சிறந்த வரிசை வீரராகத் தேர்வானவர், அதே ஆண்டு மே 10 அன்று பால்டிமோரில் 31 வயதில் இறந்தார். ஹெராயின் மிகையே காரணம் என்றது உடற்கூறாய்வு. ஊசி என்றாலே அஞ்சுபவர் அவர் என்று நண்பர்கள் மறுத்தார்கள். வலக்கைப் பழக்கமுள்ளவரின் வலக்கையிலேயே ஊசித் தடங்கள் இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். கொலை என்று நிறுவும் சான்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும், உயிரைப் பறித்த பொருள் எது என்பதையே வேதிப் பரிசோதனை சொல்லும். ஊசியைச் செலுத்திய கை யாருடையது என்பதை அது சொல்லாது. அந்த இரண்டாவது கேள்வி எந்த நீதிமன்றத்திலும் தீர்க்கப்படவில்லை. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது. இறந்துபோன லிப்ஸ்கம்புக்கு அது கிடைக்கவில்லை. போதையில் மாண்டவர் என்ற அடையாளமே நிலைத்தது.

நான்கு மாதங்கள் கழித்து, ஒஹையோவின் கேன்டன் நகரில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றம் திறக்கப்பட்டது. கோல்ட்ஸ் வரிசையில் அவருடன் நின்ற வெள்ளையர்களான ஆர்ட் டானவன் 1968இலும் ஜினோ மார்க்கெட்டி 1972இலும் அதில் இடம்பெற்றனர். களத்துக்கு வெளியே நடந்தவற்றைத் தேர்வில் கருதக்கூடாது என்பது அம்மன்றத்தின் விதி. கொள்ளை வழக்கில் சிறைசென்ற ஓ.ஜே. சிம்ப்சனின் பெயர்கூட அங்கிருந்து நீக்கப்படவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்தும் லிப்ஸ்கம்புக்கு அங்கே இடமில்லை.