விண்மீன்களின் வெப்பமறிந்த மேகநாத சாகா

இயற்பியல் என்றதுமே ஒதுங்கிக்கொள்ளும் மாணவர்கள் நம் தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் இன்றும் உளர். அது தலைமுறை தலைமுறையாய்க் கற்றோர் வீட்டுச் சொத்து என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணத்துக்கு மறுமொழியாக, மேகநாத சாகாவின் வரலாற்றை நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் எழுத விழைகின்றோம்.

சாகா 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், இன்று வங்காள தேசத்திலுள்ள டாக்காவையடுத்த சியோரத்தலி எனும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதர் சிறு மளிகைக் கடைக்காரர். எண்மர் பிள்ளைகளுள் மேகநாதர் ஐந்தாமவர். தொடக்கப்பள்ளியோடு நிறுத்திக் கடையில் அமர்த்தவே தந்தையார் எண்ணினார். மூத்த தமையனார் ஜெயநாதர் இடைப்புகுந்து, தொலைவிலிருந்த சிமுலியா ஊரில் அனந்தகுமார தாசு எனும் மருத்துவரின் ஆதரவைப் பெற்றுத் தந்தார். உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், பசுவைப் பேண வேண்டும் என்ற ஏற்பாட்டின்பேரில் சிறுவனுக்கு அவ்வீட்டில் இடம் கிடைத்தது. சாகாவின் குலம் அரசின் அட்டவணைச் சாதிகளுள் சேர்ந்ததன்று. எனினும் அக்கால வங்கத்தில் தாழ்ந்ததென ஒதுக்கப்பட்டதேயாம்.

1905இல் டாக்கா அரசுப் பள்ளிக்கு உதவித்தொகையோடு வந்தார். அவ்வாண்டிலேயே வங்கப் பிரிவினைக் கிளர்ச்சி மூண்டது. ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணவர்களுள் ஒருவராகப் பள்ளியினின்று நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. கிஷோரிலால் ஜூபிலி பள்ளி சேர்த்துக்கொண்டது. சணல் நிறுவனத்தில் சிறு ஊதியம் பெற்ற தமையனார் மாதம் 5 ரூபாய் அனுப்பினார். அவர்தம் சமூகத்தாரின் வைசிய சமிதி மாதம் 2 ரூபாய் அளித்தது. அந்த இரண்டு ரூபாயை நம் கழக உறுப்பினர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். சிறு தொகைதான், அஃது இல்லையேல் அம்மாணவன் நிலை என்னாகியிருக்கும்? 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களுள் முதலிடம் பெற்றார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது சத்தியேந்திரநாத் போசு வகுப்புத் தோழர். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். இத்தகைய கல்லூரியின் விடுதியிலேதான் உயர்சாதி மாணவர் சிலர், சாகாவோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையில் அவர் மேடையேறுவதையும் தடுத்தனர். கலைமகள் விழாவிலிருந்து அவ்வகுப்பின் சிறந்த மாணவருள் ஒருவரையே விலக்கிய விந்தையை என்னென்பது! 1915இல் எம்.எஸ்ஸி. தேர்வில் போசு முதலிடமும் சாகா இரண்டாமிடமும் பெற்றனர். சாகா டாக்காவில் ஜெர்மன் மொழி பயின்றிருந்தார். அதன் பயனாக, இருவரும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். கல்கத்தா பல்கலைக்கழகம் அதனை 1920இல் நூலாக்கியது.

அவர் புகழுக்குக் காரணமான கண்டுபிடிப்பும் 1920இல் வெளிவந்ததே. இதனைச் சற்று விரித்துரைப்போம். சூரிய ஒளியைப் பிரித்தால் நிறமாலையில் கருங்கோடுகள் தோன்றும். ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளைப் பதிக்கின்றது. ஆயின் ருபீடியம், சீசியம் ஆகியவற்றின் கோடுகள் சூரியனிற் காணப்படவில்லை. கால்சியமோ, சூரியனின் உயர்ந்த நிறமண்டலத்தில் ஓர் எலெக்ட்ரானை இழந்த அயனி வடிவில் மிகுந்து தோன்றிற்று. நம் கொடைக்கானல் வானாய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே படமெடுத்து வந்தது இக்கால்சிய அயனியின் ஒளியில்தான்.

வெப்பம் மிகுந்தால் அணு எலெக்ட்ரானை இழக்கும் என்பது எளிதில் விளங்கும். அழுத்தம் குறைந்தாலும் அயனிகள் மிகும் என்று சாகா கணக்கிட்டார். சந்தை நெரிசலில் தாயின் கையை விட்ட குழந்தையை அடுத்த அடியிலேயே யாரேனும் பற்றிக்கொள்வர். ஆளரவமற்ற வெளியில் அது நெடுநேரம் தனித்தே திரியும். அவ்வாறே அடர்த்தியற்ற மேல்மண்டலத்தில் விடுபட்ட எலெக்ட்ரானை மீளப் பிடிக்கும் அயனிகள் அரிது. ருபீடியமும் சீசியமும் எலெக்ட்ரானை எளிதில் இழப்பவை. ஆதலின் சூரியனில் அவற்றின் இயல்பான கோடுகள் மறைந்தன, வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் தேடுக என்றார் சாகா. அமெரிக்க அறிஞர் ரசல் தேடினார்; ருபீடியம் அகப்பட்டது. நிறமாலையைக் கொண்டே ஒரு விண்மீனின் வெப்பத்தைக் கணிக்கும் வழி உலகுக்குக் கிடைத்தது. 1925இல் சிசிலியா பெயின் எனும் அம்மையார் இதே சமன்பாட்டைக் கொண்டு, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று கண்டார்.

சமன்பாட்டில் பிளாங்க் மாறிலி இடம்பெற்றிருந்தது. எலெக்ட்ரானைச் சிறு குண்டு எனவே அன்று உலகம் கருதிற்று. 1924இல் பிரான்சு நாட்டு தெ பிராய், துகளுக்கும் அலைத்தன்மை உண்டு, பிளாங்க் மாறிலியைத் துகளின் உந்தத்தால் வகுத்தால் அலைநீளம் கிட்டும் என்றார். ஏரியில் எறிந்த கற்கள் எழுப்பும் அலைகள் ஒன்றையொன்று ஓரிடத்தில் மிகுவித்தும் மற்றோரிடத்தில் அழித்தும் செல்வதைக் கண்டிருக்கின்றோம். 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின்மீது எலெக்ட்ரான்களைச் செலுத்தியபோது, அவையும் அவ்வாறே சில திசைகளில் மிகுந்தும் சிலவற்றில் குறைந்தும் சிதறின. இன்றைய பாடநூல்கள் சாகாவின் சமன்பாட்டை எலெக்ட்ரானின் அலைநீளத்தைக் கொண்டே எழுதுகின்றன. சூரியப் பரப்பின் வெப்பத்தில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அலைக் கொள்கை பிறக்கும் முன்னரே அவ்வலைநீளம் சாகாவின் கணக்கில் பெயரின்றி உறைந்திருந்தது!

1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியர். 1927இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினர். நோபல் பரிசுக்குப் பன்முறை முன்மொழியப்பட்டும் கிட்டவில்லை. கல்கத்தா திரும்பியபின் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அது இன்று அவர் பெயர் தாங்கியுள்ளது. முதல் மக்களவைக்கு நின்று வென்றார்.

1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவரும் அவரே. 1956 பிப்ரவரி 16ஆம் நாள், புதுதில்லியில் திட்டக்குழு அலுவலகம் நோக்கிச் செல்லும் வழியில் வீழ்ந்து உயிர்நீத்தார். குழு பரிந்துரைத்த சக ஆண்டு நாட்காட்டியை அரசு 1957 மார்ச் 22 முதல் மேற்கொண்டது. மைய அரசிதழில் ஆங்கிலத் தேதியுடன் அச்சாகும் சகத் தேதி அதுவே.