நந்தி விலகிய நெறி

சோழநாட்டு ஆதனூர்ப் புலைப்பாடியில் தோன்றியவர் திருநாளைப்போவார் என்னும் நந்தனார். சிவாலயப் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்து, வாயிற்புறத்தே நின்று வழிபட்டார். அவர் தந்த தோல் உள்ளே முழங்கிற்று. தந்த கையோ வெளியே குவிந்து நின்றது.

திருப்புன்கூரில் நேர்காண விழைந்தார்க்கு இறைவன் நந்தியை விலகச் செய்தான், அடியாரை விலக்கினானல்லன். நாளை நாளை எனப் பன்னாள் கழித்துத் தில்லையெல்லையை அடைந்தும், உட்புக அஞ்சி அல்லும் பகலும் வலம் வந்தார். கூத்தப்பெருமான் கனவில் அருளியவாறு, தில்லைவாழந்தணர் அமைத்த எரியிற் புகுந்து, முனிவராய் எழுந்து, அம்பலத்துள் மறைந்தார். அத்தீ எரித்தது அவர் மாசையன்று. உலகோர் மனமாசையே என்பது அடியேன் துணிபு.

ஆதிசைவராகிய சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தம்மை அவர்க்கு அடியார் என்றார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அவர் வரலாற்றை விரித்தார். நாம் அதனை ஓதினோம். அவர் குலத்தார்க்கோ கதவடைத்தோம். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயில் அவர்களுக்குத் திறந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் எழுந்தது. 1950-இல் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. ஏட்டில் ஒழிந்தது உள்ளத்தினும் ஒழிதல் வேண்டும்.

குடமுழுக்குக் காணும் மெய்யன்பர்காள்! நந்தியே விலகிய பின், நாம் வழிமறித்து நிற்றல் சிவாபராதமாம்.