டிஷ்லி ராபர்ட் பேக்வெல்

சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூரினின்று ஒரகடம் நோக்கிச் செல்லும் நெடுவழியில், ஆலைகளில் செய்த மோட்டார் வண்டிகள் ஒன்றற்கொன்று அணுவளவும் வேறுபாடின்றி வரக் காண்கின்றோம். மாட்டு மந்தையிலோ, ஒரே காளைக்குப் பிறந்த கன்றுகளுள் ஒன்று கொழுத்தும் ஒன்று மெலிந்தும் நிற்கும். இவ்வேறுபாட்டில் குருதிவழி வந்தது எவ்வளவு, தீனியால் வந்தது எவ்வளவு? இவ்வினாவுக்குரிய கணக்கு முறைகள் தோன்றுமுன்னரே செய்கையால் விடை தேடிய ஆங்கிலக் குடியானவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

ராபர்ட் பேக்வெல் 1725ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரைச் சார்ந்த டிஷ்லிப் பண்ணையில் பிறந்தார். ஏறக்குறைய 440 ஏக்கர் கொண்ட அப்பண்ணை சொந்தமன்று, குத்தகை நிலமே. இளமையில் பல ஊர்ப் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்து, 1760ஆம் ஆண்டளவில் தந்தையிடமிருந்து பொறுப்பை ஏற்றார். மணம் புரிந்திலர், மந்தையே அவர் குடும்பம் என்னலாம்.

அந்நாளில் மாடுகள் ஏருக்கும் பாலுக்குமே பெரிதும் வளர்க்கப்பட்டன. இறைச்சி கடைசிப் பயன். நகரங்கள் பெருகி இறைச்சிக்கு விலை ஏறவே, குறைந்த தீனியில் விரைந்து சதைபிடிக்கும் இனமொன்றைப் பேக்வெல் நாடினார். கான்லி என்னும் ஊரினின்று நீள்கொம்புப் பசுக்களையும், வெஸ்ட்மர்லாந்திலிருந்து ஒரு காளையையும் வாங்கினார். இவற்றின் வழிவந்த காளைதான் ‘டூபென்னி’ எனப் பெயர் பெற்றது. விரும்பிய குணம் சிதறாதிருக்க நெருங்கிய உறவுள்ளவற்றையே மீண்டும் மீண்டும் இணைத்தார். பலர் இதனைத் தகாதது என்றனர், அவர் பொருட்படுத்தவில்லை.

இவற்றினும் சிறந்ததாக நாம் கருதுவது அவர் கண்ட சோதனை முறையே. பொலிகாளைகளையும் ஆட்டுக்கிடாக்களையும் விற்காமல், பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுத்தார். ஆகவே ஒரு தந்தையின் மக்கள் பல பண்ணைகளில், பல தாயரிடம், பலவகைத் தீனியில் வளர்ந்தன. அவற்றைக் கண்டு, எங்கும் நல்ல மக்களைத் தந்த தந்தையைத் தம் மந்தைக்கு மீட்டுக்கொள்வார். கொன்ற விலங்குகளின் எலும்புக்கூடுகளையும் உப்பு நீரில் இட்ட இறைச்சித் துண்டங்களையும் வீட்டில் வைத்துத் தலைமுறைதோறும் ஒப்பிடுவார்.

இதனையே பிற்காலத்து அறிஞர் எண்ணாக்கினர். அமெரிக்காவின் அயோவா கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜே லஷ் (1896–1982) அவருள் தலையாயவர். ஒரு தந்தைக்கு வெவ்வேறு தாயரிடம் பிறந்த கன்றுகள் மரபில் நாலிலொரு பங்கு பொதுவாயுடையன. ஆதலின் எடையில் அவற்றிடையே காணும் ஒப்புமையை நான்கால் பெருக்கினால், எடை வேறுபாட்டில் மரபின் பங்கு புலனாகும். இறைச்சி மாடுகளின் ஓராண்டு எடையில் இப்பங்கு பெரும்பாலும் நூற்றுக்கு முப்பது, நாற்பது என்னும் அளவில் அமையும். பால்குடி மறக்கும் பருவத்து எடையில் சற்றுக் குறையும். அப்போது தாயின் பாலும் கன்றின் எடையில் கலந்து நிற்பதன்றோ!

பேக்வெல்லின் புகழ் ஓங்கியது. சில ஷில்லிங்குக்குப் போன கிடாக்களின் வாடகை, 1780களின் இறுதியில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கினி ஆயிற்று. ஆயினும் வந்தோரையெல்லாம் தம் செலவில் உபசரித்து வந்த அவர், கடனில் மூழ்கி முறிந்ததும் உண்டு. தம் முறையை நூலாக எழுதி வைத்தாரல்லர், மறைத்தே வைத்தார். இது பெருங்குறை என்றே சொல்வோம்.

வேறொரு குறையும் நேர்ந்தது. கொழுப்பும் சதையும் மிகுந்த அவருடைய நீள்கொம்பு மாடுகளில் பாலும் கருவளமும் குன்றின என்று அக்காலத்தார் கூறினர். ஒரு குணத்தை இழுத்தால் மற்றொன்றும் உடன் அசையும் என்பதை இன்று மரபியலார் அளந்து காட்டுகின்றனர். அவர்க்கு அந்த அளவுகோல் இல்லை. நம் நாட்டில் பாளையக்கோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கயம் காளைகளைத் தெரிந்தெடுத்துப் பேணியபோது நாடியது இழுவை வலிமை. ஆகவே அம்மாடுகளில் கட்டான உடலைக் காண்கிறோமேயன்றிக் கொழுப்பைக் காணோம்.

பேக்வெல் 1795 அக்டோபர் முதல் நாள் இறந்தார். டிஷ்லி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாலயம் இன்று இடிந்து கிடக்கின்றது. டிஷ்லிக்கு வந்து அவர் முறையைக் கற்றுச்சென்ற சார்ல்ஸ் காலிங், தம் உடன்பிறந்தாரோடு குறுங்கொம்பு இனத்தைத் திருத்தினார். சதையோடு பாலும் தந்த அவ்வினம், சில தலைமுறைக்குள் ஆசானின் நீள்கொம்பு மாடுகளைப் பெரும்பாலான பண்ணைகளினின்றும் அகற்றிவிட்டது.