சுரங்கத்திலிருந்து சிம்போராசோ வரை

புவியியல் என்றால் நம்மில் பலருக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துபோன சங்கதி. மேப்பில் ஆறு குறிக்கணும், எந்த நாட்டில் என்ன விளையுது என்று மனப்பாடம் பண்ணணும், பரீட்சை முடிஞ்சதும் மறந்துடணும். சிவில் டிப்ளமோவில் சேர்ந்து லெவலிங் ஸ்டாஃபும் சங்கிலியுமாக வெயிலில் திரிய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அறிமுகமானார், ஒரு புத்தகம் மூலமாக. பெரிய விஞ்ஞானி, பிரபு வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் இருக்கட்டும். அடிப்படையில் அவர் நம்ம ஆள்! தொழில் படித்து, சர்க்கார் வேலைக்குப் போய், கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்.

1769 செப்டம்பர் 14-ந் தேதி பெர்லினில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். அம்மா கண்டிப்பானவர், மகன் அரசாங்க உத்தியோகத்தில் உட்கார வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பையனோ இலை, கல், பூச்சி என்று பொறுக்கி வந்து அறையை நிரப்புவான். குட்டி மருந்துக்கடைக்காரன் என்று வீட்டில் கிண்டல். அண்ணன் வில்ஹெல்ம் பின்னாளில் மொழி அறிஞராகப் பேரெடுத்தார்.

1791-ல் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் சேர்ந்தார். காலையில் சுரங்கத்துக்குள் இறங்கணும், மதியம் வகுப்பு. நம்ம பிராக்டிகலும் தியரியும் மாதிரிதான், ஆனால் பிராக்டிகல் பூமிக்கு அடியில்! எட்டு மாதத்தில் படிப்பை முடித்து 1792-ல் பிரஷ்ய அரசின் சுரங்கத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது வயசு 22. இங்கேதான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. தொழிலாளர்களுக்குத் தாங்கள் வெட்டுகிற பாறை என்னவென்றே தெரியவில்லை, கணக்கும் தெரியவில்லை என்று பார்த்தார். 1793-ல் ஷ்டேபன் என்ற சிற்றூரில், மேலிடத்து அனுமதிக்குக்கூடக் காத்திராமல், கைக்காசு போட்டு அவர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். விஷவாயுவில் ஆட்கள் சாவதைக் கண்டு ஒரு பாதுகாப்பு விளக்கும், மூச்சுக் கருவியும் செய்தார். விளக்கைச் சோதிக்கத் தானே கெட்ட காற்றுள்ள குழியில் இறங்கி மயங்கி விழுந்தார். ஆட்கள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். கண் விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்ததாம். மனுஷனுக்கு அதில் பரம சந்தோஷம்!

1796-ல் அம்மா இறந்தார், பெரிய சொத்து கைக்கு வந்தது. வேலையை ராஜினாமா செய்தார். ஸ்பெயின் மன்னரிடம் அனுமதி வாங்கி, எமே போன்ப்ளான் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரோடு 1799 ஜூனில் கப்பலேறினார். பாரோமீட்டர், தெர்மாமீட்டர், செக்ஸ்டன்ட் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கருவிகள். இன்றைய வெனிசுவேலாவில் உள்ள குமானாவில் ஜூலை 16-ல் இறங்கினார்கள். தங்கிய வீட்டுக்கு எதிரிலேயே அடிமைச் சந்தை. வாங்க வருகிறவர்கள், மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல, மனிதர்களின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். அந்தக் காட்சி அவரைச் சாகும்வரை விடவில்லை.

இனி சொல்லப்போகும் ஏரிக் கதைதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. 1800-ம் வருஷம் பிப்ரவரி. அரகுவா பள்ளத்தாக்கில் வலென்சியா ஏரி. அவுரி, கரும்பு, பருத்தி என்று செழிப்பான ஊர்கள், ஆனால் ஏரி வற்றிக்கொண்டே போகிறது. கரை பின்வாங்கின இடத்தில் தோட்டம் போட்டுவிட்டார்கள். நேற்றுவரை நீருக்கடியில் இருந்த திட்டுகள் தீவுகளாகத் தலைகாட்ட, அவற்றுக்குப் புதிதாய்த் தோன்றியவை என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடியில் எங்கோ ஓட்டை இருக்கிறது, தண்ணீர் அது வழியாகப் போகிறது என்பது ஊர்ப் பேச்சு. இந்த ஏரிக்குக் கடலுக்குப் போகும் வழி கிடையாது. அப்படியென்றால் கணக்கு சுலபம்: வரும் நீர், ஆவியாகிப் போகும் நீர், இரண்டுதான். ஹம்போல்ட் ஊர்க்காரர்களிடம் கேட்டார், வெப்பத்தை அளந்தார், ஆவியாதலைக் கணக்கிட்டார், பழைய கரை எங்கே இருந்தது என்று பார்த்தார். ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை! மலைச்சரிவில் காட்டை வெட்டிவிட்டார்கள். வேரும் புதரும் இல்லாததால் மழைநீர் மண்ணில் இறங்காமல், மண்ணையும் வாரிக்கொண்டு ஒரேயடியாக ஓடுகிறது. மழை நின்றதும் ஓடை காய்கிறது. மிச்ச நீரையும் வாய்க்கால் வெட்டி வயலுக்குத் திருப்பிவிட்டார்கள். இடம், மனிதர், இயற்கை மூன்றையும் ஒரே கணக்கில் போட்டார் பாருங்கள், புவியியல்காரர் வேலை அதுதான்! மண்ணியல் மட்டும் தெரிந்தவர் பாறையில் விரிசல் தேடியிருப்பார். விவசாயம் மட்டும் தெரிந்தவர் அவுரி விலையைப் பேசியிருப்பார். (அந்த ஏரியின் கதை பிறகு தலைகீழாகிவிட்டது. வேறு ஆற்றுப் படுகைகளிலிருந்து நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர, அந்தக் கழிவுநீர் ஏரியில் சேர்ந்து மட்டம் ஏறி, மராக்கை நகரில் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. இதுவும் மனுஷன் கைவேலைதான்.)

அதே வருஷம் ஒரினோகோ ஆற்றில் படகுப் பயணம். கொசுக்கடி சொல்லி மாளாது. ஒரினோகோவையும் அமேசான் பக்கத்து ரியோ நீக்ரோவையும் காசிகியாரே என்ற ஆறு இணைக்கிறது என்று அங்கத்திய மக்களும் பாதிரிமார்களும் எப்போதோ அறிந்திருந்தார்கள். பாரிசில் நாற்காலியில் உட்கார்ந்து படம் போட்டவர் ஒருவர் அது நடக்காத காரியம் என்று அந்த இடத்தில் ஒரு மலைத்தொடரையே வரைந்துவிட்டார்! ஹம்போல்ட் படகிலேயே அந்த வழியாகப் போய், நட்சத்திரம் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகை குறித்து வந்தார். படகோட்டிகள் சொன்னது நின்றது, மலைத்தொடர் போனது.

1802 ஜூன் 23. ஈக்வடாரின் சிம்போராசோ மலை. உலகிலேயே உயரமானது என்று அன்று நம்பியிருந்தார்கள். கூட வந்த ஆட்களில் பெரும்பாலோர் பனிக்கோட்டில் திரும்பிவிட்டார்கள். ஈறில் ரத்தம் கசிய, தலை சுற்ற, வழிநெடுக பாரோமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், பாதரசம் இறங்கும். எவ்வளவு இறங்குதோ அதை வைத்து உயரத்தைக் கணக்கிடணும். அவர் கணக்குப்படி சுமார் 5,880 மீட்டரில், கடல்மட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் மிச்சமிருந்த இடத்தில், பெரிய பிளவு ஒன்று குறுக்கிட்டது. உச்சி 6,263 மீட்டர், அதைத் தொடவில்லை. அதனால் என்ன? எந்த உயரத்தில் எந்தச் செடி, என்ன வெப்பம், என்ன பயிர் என்பதை ஒரே மலைப் படத்தில் அடுக்கி 1807-ல் வெளியிட்டார். 1817-ல் சம வெப்பமுள்ள ஊர்களைக் கோட்டால் இணைத்தார். நாம் ஷீட்டில் கான்டூர் போடுகிறோமே, அதே யோசனை வெப்பத்துக்கு!

பெரு கடலோரத்துக் குளிர் நீரோட்டத்துக்குப் பின்னால் அவர் பெயரை வைத்தபோது அவருக்கே சம்மதமில்லை. மீனவர்களுக்கு அது காலங்காலமாகத் தெரியும், நான் வெப்பத்தை அளந்தேன், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. மெக்சிகோ சுரங்கங்களில் வெள்ளி எவ்வளவு என்று எழுதியவர், தாது மூட்டையோடு படியேறும் கூலிகள் தூக்கும் எடையையும் சேர்த்தே எழுதினார்.

1804-ல் ஐரோப்பா திரும்பினார். அடுத்து இமயமலையைப் பார்க்க ஆசை. லண்டனுக்கே போய்க் கேட்டும் கிழக்கிந்தியக் கம்பெனி கடைசிவரை அனுமதி தரவில்லை. காலனி ஆட்சியைப் பற்றி எழுதுகிற ஆளை உள்ளே விட்டால் என்னாகும் என்று கம்பெனிக்குத் தெரியாதா! பிற்பாடு அவர் சிபாரிசில் வந்த ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களை மட்டும் 1854-ல் அனுமதித்தது. ஹம்போல்ட் 1829-ல், அறுபது வயசை எட்டும் நேரத்தில், ரஷ்யா வழியாக சைபீரியாவரை போய்த் திருப்திப்பட்டுக்கொண்டார்.

கியூபா பற்றி 1826-ல் அவர் வெளியிட்ட நூலில் மண், சர்க்கரை, மக்கள்தொகை, வியாபாரம் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு; அடிமைமுறையைக் கண்டித்து ஓர் அத்தியாயமும் உண்டு. 1856-ல் அமெரிக்காவில் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், அடிமைமுறை ஆதரவாளர், அந்த அத்தியாயத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். கிழவருக்கு 86 வயசு. சும்மா இருந்தாரா? தன் அட்டவணைகளைவிட அந்த அத்தியாயம்தான் தனக்கு முக்கியம் என்று பத்திரிகையில் பகிரங்கமாக எதிர்ப்பு வெளியிட்டார். அது அமெரிக்கா முழுக்கப் பேச்சானது. பிரஷ்ய மண்ணில் கால் வைக்கும் அடிமை அந்த நொடியே சுதந்திர மனிதர் என்று 1857-ல் சட்டம் வந்ததிலும் அவர் முயற்சி உண்டு.

காஸ்மோஸ் என்ற பெருநூலின் ஐந்தாம் பாகம் முடியாத நிலையில், 1859 மே 6-ல், 89 வயதில் பெர்லினில் காலமானார். அம்மா விட்டுப்போன சொத்தெல்லாம் பயணத்திலும் புத்தகம் அச்சிடுவதிலும் எப்போதோ கரைந்துவிட்டது. வீட்டில் மிச்சமிருந்த புத்தகங்கள், சாமான்களைப் பல வருஷம் தன்னோடிருந்த பணியாளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.