சம்பந்த முதலியாரும் சுகுண விலாச சபையும்

தமிழ் நாட்டில் ஒருவனை இழித்துரைக்க வேண்டுமானால் கூத்தாடி என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. கூத்தாடிக்குப் பெண் கொடுப்பார் இல்லை. குடியிருக்க வீடு கொடுப்பாரும் அரியர். இரவெல்லாம் அவன் பாட்டைக் கேட்டுத் தலையசைத்த கனவான், பொழுது விடிந்தபின் வீதியில் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்வார். கலையை அநுபவிப்போம், கலைஞனை மதியோம் என்ற இந்த விபரீத நியாயம் நம்மவரிடையே நெடுங்காலம் செல்லுபடியாகி வந்தது. இதைப் பேச்சினால் கண்டித்தவர் பலர். தாமே வேஷம் தரித்து மேடையேறி உடைத்தவர்களில் முதலாக வைத்து எண்ணத்தக்கவர் பம்மல் சம்பந்த முதலியார்.

அவர் பிறந்தது 1873ம் வருஷம் பிப்ரவரி மாதம் 1ந் தேதி, சென்னையில். தகப்பனார் விஜயரங்க முதலியார் கல்வி இலாகாவில் உத்தியோகம் வகித்தவர். வீட்டில் புஸ்தகங்களுக்குக் குறைவில்லை. சம்பந்தம் சிறு வயது முதலே வாசிப்பில் மூழ்கினார். பின்னர் இராஜதானிக் கலாசாலையில் பயின்றார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் அவருக்கு அளவற்ற மோகம் உண்டாயிற்று. ஆனால் தமிழ் நாடகம் என்றால் அவருக்கு அலட்சியம். அக்காலத்து ஆங்கிலங் கற்ற வாலிபர் பெரும்பாலோரின் மனோபாவமும் அதுவே.

அந்த அலட்சியத்திற்குக் காரணம் முற்றும் இல்லாமலில்லை. தெருக்கூத்து கிராமத்தில் தன் பழைய வலிமையுடன் வாழ்ந்து கொண்டிருந்தது. ஆயினும் பட்டணவாசி அதைக் காணப் போவதில்லை. பட்டணத்தில் கொட்டகை போட்டு நடத்திய கம்பெனிகளோ பெரும்பாலும் பாட்டையே நம்பியிருந்தன. அரசன் கோபித்தாலும் பாட்டு, மகன் இறந்தாலும் பாட்டு, சேவகன் செய்தி கொண்டு வந்தாலும் பாட்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்த ஆட்டம் கோழி கூவும் வரை நடக்கும். நடிகருக்கு வாய்த்த குரலே பிரதானம். கதையின் கட்டுக்கோப்பும், பாத்திரத்தின் குணமும், பேச்சின் இயல்பும் அடுத்தபடிதான்.

இந்த நிலையில், 1891ம் வருஷத்தில், பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து, விக்டோரியா பப்ளிக் ஹாலில் தெலுங்கு நாடகங்களை ஆடினர். அச்சபையின் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாசார்யர். வக்கீல் தொழில் புரிந்தவர். அவருடன் நடித்தோரும் கற்ற கனவான்கள். கூலிக்கு நடித்தவர் அல்லர். தகப்பனாருடன் அந்நாடகத்தைக் காணச் சென்ற சம்பந்தத்திற்கு இரண்டு விஷயங்கள் ஒருங்கே புலப்பட்டன. மதிப்புள்ள மனிதர் மேடையேறினால் மதிப்புக் குறைவதில்லை என்பது ஒன்று. ஆங்கில நாடகத்தில் தாம் போற்றிய குணச்சித்திரத்தை நம் தேச பாஷை ஒன்றிலேயே காட்ட முடியும் என்பது மற்றொன்று. தெலுங்கில் ஆகக் கூடியது தமிழில் ஏன் ஆகாது என்ற கேள்வி அன்றிரவே அவரைப் பற்றிக் கொண்டது.

அந்தக் கேள்விக்கு விடையாகத் தோன்றியதே சுகுண விலாச சபை. அவ்வருஷம் ஜூலை மாதம் 1ந் தேதி சில நண்பர்கள் கூடி அதை ஆரம்பித்தார்கள். சம்பந்தத்திற்கு அப்போது வயது பதினெட்டு. மூலதனம் என்று சொல்ல அங்கத்தினரின் மாதச் சந்தாவைத் தவிர வேறொன்றுமில்லை. நாடகம் எழுதத் தெரிந்தவர் யார் என்று தேடிப் பார்த்து, ஒருவரும் அகப்படாமையால், அவரே பேனாவை எடுத்தார். அவர் எழுதிய புஷ்பவல்லி 1893ம் வருஷம் சபையின் முதல் நாடகமாக மேடையேறியது. சபை தோன்றியதற்கும் திரை உயர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வருஷங்கள் சென்றன என்பதைச் சங்கம் வைத்து நடத்தும் நமது நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரு சங்கத்தைத் தொடங்குவது ஒரு மாலைப் பொழுதின் காரியம். அது கலையாமல் காப்பது வேறு காரியம்.

சபையை அவர் காத்த வழி ஒழுங்கு. ஒத்திகைக்கு ஒருவரும் தவறக் கூடாது. பாடம் எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். குறித்த நேரத்தில் நாடகம் தொடங்க வேண்டும். வர வேண்டிய பெரிய மனிதர் வரவில்லையென்று திரை காத்திருக்கலாகாது. விடியும் வரை நீட்டும் வழக்கத்தை விட்டு, சில மணி நேரத்தில் கதை முடிய வேண்டும். இன்று இவை சாதாரணமாகத் தோன்றலாம். நேரத்துக்குத் தொடங்குவதே மரியாதைக் குறைவு என்று எண்ணிய சமூகத்தில் இவை சிறு புரட்சிகளே.

இவற்றினும் பெரியது அவர் வசனத்திற்குத் தந்த ஸ்தானம். சபையின் நாடகங்களில் சங்கீதம் இல்லாமல் இல்லை. நல்ல பாடகர்கள் சபையில் இருந்தனர், சபையோரும் அவர்களை விரும்பிக் கேட்டனர். ஆனால் கதையைப் பாட்டு சுமந்து சென்ற முறை மாறி, கதைக்கு வேண்டிய இடத்தில் பாட்டு நிற்கும் முறை வந்தது. கோபமும் துயரமும் ஹாஸ்யமும் பேச்சினால் வெளிப்பட்டன. தமிழ் வசனத்தில் இத்தனை வலிமை உண்டா என்று ஆங்கிலங் கற்றோர் வியந்தனர். அரசியல் மேடையில் தமிழ்ப் பேச்சு முழங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே நாடக மேடையில் அதற்கு ஒத்திகை நடந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

1895ம் வருஷத்தில் பிறந்த மனோகரன் அவருடைய புகழை நிலைநாட்டியது. தாசியின் வலையில் சிக்கிய அரசன். அவனால் தள்ளப்பட்ட அரசி. தாய்க்கு நேர்ந்த அவமானத்தைக் கண்டு பொங்கியும், அவள் இட்ட கட்டளையை மீற மாட்டாமல் கை கட்டி நிற்கும் மகன். வீரமும் கீழ்ப்படிதலும் ஒரே நெஞ்சில் போராடும் இக்கதையைத் தமிழர் மறக்கவில்லை. தலைவன் வேஷத்தைச் சம்பந்தமே தரித்தார். சங்கிலியால் பிணைக்கப்பட்ட மனோகரன் அதை அறுத்தெறியும் கட்டம், சபையின் மேடையைக் கடந்து, நாட்டிலுள்ள எத்தனையோ கம்பெனிகளின் மேடைகளுக்குச் சென்றது. பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்களும் அந்நாடகத்தை நடித்தனர்.

ஷேக்ஸ்பியரை அவர் கைவிடவில்லை. ஹாம்லெட் தமிழில் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். வெனிஸ் நகரத்து வர்த்தகன் வாணீபுரத்து வணிகன் ஆனான். பெயர்களை மட்டும் மாற்றியதோடு நில்லாமல், நம்மவர் பழக்க வழக்கத்திற்கு ஏற்பக் கதையை இசைத்தார். சபாபதி போன்ற ஹாஸ்ய நாடகங்களும் எழுதினார். மூட வேலைக்காரன் ஒருவனை வைத்து, சீமான்கள் வீட்டு வாழ்வைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் நஞ்சு இல்லை. ஆயுளில் அவர் எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை.

சபையில் ஸ்திரீ வேஷத்தையும் ஆடவரே தரித்தனர். அவர்களில் தலைசிறந்தவர் ரங்கவடிவேலு, அவரும் வக்கீல். சம்பந்தம் நாயகனாகவும் ரங்கவடிவேலு நாயகியாகவும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நடித்தனர். பகலில் கோர்ட்டுக் கட்டுகளுடன் உழன்ற இருவர், இரவில் சபைக்கு வந்து அரசனும் அரசியுமாக நின்றனர். ரங்கவடிவேலு அகால மரணமடைந்தது சம்பந்தத்திற்குத் தீராத துக்கமாயிற்று. பல வருஷங்களுக்குப் பின் அவர் எழுதிய நாடக மேடை நினைவுகள் என்ற சுயசரித்திரத்தில் அந்த நட்பின் நிழல் நெடுகப் படிந்திருக்கிறது.

சபையின் அங்கத்தினர் வரிசையைப் பார்த்தால் சென்னை ஹைகோர்ட்டு வராந்தாவைப் பார்ப்பது போலிருக்கும். வி. வி. சீனிவாசய்யங்கார் அதில் முன் நின்று உழைத்தார். சி. பி. இராமசாமி அய்யரும் அங்கத்தினர். தமிழோடு தெலுங்கு, ஆங்கிலம், ஸமஸ்கிருத நாடகங்களையும் சபை ஆடியது. இலங்கைக்கும் சென்று வந்தது. யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு அங்கே நாடகம் வளர்த்தார். எல்லோரிலும் நம் நேயர்களுக்கு முக்கியமானவர் ஸ்ரீ சத்தியமூர்த்தி. மனோகரனாக நடித்த அந்தத் தேசபக்தரின் நாவன்மைக்கு நாடகப் பயிற்சியும் உரமிட்டது என்பதை எவரும் மறுக்க முடியாது.

இவ்வளவு போற்றிய பின், போற்றத் தகாததையும் சொல்வதே நேர்மை. சுகுண விலாச சபை கனவான்களின் சபை. வயிற்றுக்கு வேறு தொழில் உள்ளவர்களே அங்கே நடிகர்கள். கூத்தாடி என்ற இழிசொல்லிலிருந்து அவர்கள் தப்பியதற்கு ஒரு காரணம், அவர்கள் கூலி வாங்காமல் நடித்தது. அப்படியானால் இழிவு கலையில் இருந்ததா, வறுமையில் இருந்ததா? நடிப்பையே நம்பி வாழ்ந்த ஏழை நடிகனுக்குச் சபையின் மதிப்பு உடனே போய்ச் சேரவில்லை. பாலாமணி அம்மையாரைப் போன்ற பெண்கள் தாமே கம்பெனி நடத்திய நாட்டில், இச்சபையின் மேடையில் பெண்ணுக்கு இடமில்லாதிருந்தது.

வேறொரு குறையும் உண்டு. அந்நிய ஆட்சியார் 1876ம் வருஷத்திலேயே நாடகங்களை அடக்கச் சட்டம் செய்திருந்தனர். அந்த அடக்குமுறைக்கு நேராக நின்று, மேடையில் தேசியப் பாட்டுப் பாடி, பல முறை சிறை சென்றவர் விசுவநாத தாஸ். அவர் தொழில்முறை நடிகர்; எளிய குடியிற் பிறந்தவர். 1940ம் வருஷத்தின் கடைசி நாளன்று சென்னையில் நாடக மேடையிலேயே உயிர் நீத்தார். அதே காலத்து நாடக உலகின் மறு பக்கத்தில், சம்பந்த முதலியார் சர்க்காரின் ராவ் பகதூர் பட்டத்தை ஏற்றிருந்தார். 1924 முதல் 1928 வரை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்திருந்தார். அவர் தேசத்துரோகம் ஒன்றும் செய்தவரல்லர். ஆயினும் மனோகரன் சங்கிலியை அறுக்கும் காட்சியில் கை தட்டிய கனவான்களில் எத்தனை பேர், தேசத்தின் சங்கிலியை நினைத்துப் பார்த்தனர் என்று கேட்கத்தான் வேண்டும். சட்டம் படித்த நாமும் அந்த வரிசையைச் சேர்ந்தவர்களே. ஆதலால் இக்கேள்வியை வெளியே நின்று கேட்கவில்லை.

எனினும் விதையை விதைத்தவன் அறியாத இடத்திலும் பயிர் முளைக்கிறது. சத்தியமூர்த்தி அந்தச் சபையில் கற்ற கலைமதிப்பைக் காங்கிரஸ் மேடைக்குக் கொண்டு வந்தார். 1937ம் வருஷத்துத் தேர்தலில் கே. பி. சுந்தராம்பாளை ஊர் ஊராகப் பாட வைத்தவர் அவர். கலைஞர்களைப் பொது வாழ்வில் உடன் அமர்த்தக் கூசியவர் பலர் இருந்த நாளில், அவர் கூசவில்லை. ஆகவே சம்பந்த முதலியார் தம் வகுப்பாருக்காகத் திறந்த வாயில், சற்றுத் தாமதமாகவேனும், மற்றவர்க்கும் திறந்தது.

பேசும் படம் வந்தபோது அவர் அதையும் ஒதுக்கவில்லை. 1936ல் வெளிவந்த மனோகரா படத்தில் தாமே புருஷோத்தமனாக நடித்தார். இளமையில் மகன் வேஷம் தரித்தவர் முதுமையில் தகப்பன் வேஷம் தரித்தார். சபாபதி 1941ல் படமாகி நாட்டைச் சிரிக்க வைத்தது. 1954ல் மனோகரா மறுபடியும் படமானபோது, புதிய தலைமுறையார் அதில் புதிய காலத்து அரசியலின் குரலைக் கேட்டனர். 1959ல் சுதந்தர இந்தியாவின் சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1964ம் வருஷம் செப்டம்பர் மாதம், தொண்ணூற்றோராண்டு நிறைந்த பின், அவர் காலமானார்.

சபையின் கதி வேறு. விக்டோரியா பப்ளிக் ஹாலில் பல்லாண்டு இருந்த பின் அது மவுண்ட் ரோட்டுக்கு இடம் பெயர்ந்தது. காலப்போக்கில் நாடகம் குறைந்து, கனவான்கள் மாலைப் பொழுதைக் கழிக்கும் கிளப்பாக அது மாறிற்று. கட்டடமும் நிதியும் சேர்ந்தபோது கலை மெலிந்தது. மாதச் சந்தாவைத் தவிர வேறொன்றும் இல்லாத நாளில் அது கொழித்தது. நமது நாட்டு ஸ்தாபனங்கள் பலவற்றின் சரித்திரமும் இதுவே அல்லவா? நோக்கத்தை மறந்த சங்கத்திற்கு நாற்காலியும் மேஜையும் எத்தனை இருந்தென்ன?

சம்பந்த முதலியாருக்குச் செய்யத்தக்க மரியாதை, ஆண்டுக்கொரு முறை படத்திற்கு மாலையிடுவதில் முடிந்துவிடாது. ஒவ்வோர் ஊரிலும் பத்து வாலிபர் கூடி, சந்தா சேர்த்து, ஒத்திகைக்குத் தவறாமல் வந்து, தமிழில் ஒரு நாடகத்தைக் குறித்த நேரத்தில் தொடங்கட்டும். அதில் பெண்ணுக்கும் இடம் இருக்கட்டும். ஏழைக்கும் இடம் இருக்கட்டும். நடிப்பையே தொழிலாகக் கொண்டவன் முன் வரிசையில் அமரட்டும். பதினெட்டு வயதில் அவர் தொடங்கிய வேலையில் பாக்கி நின்றது இதுதான். அதை முடிப்பது நமது பொறுப்பு.