மாலை நேர விஞ்ஞானி

1888-இல் திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன், 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இந்தியரை ஆராய்ச்சியாளராக அமர்த்தும் வேலைகள் மிக அரிது. உடல்நலக் குறைவால் இங்கிலாந்து சென்று படிக்கவும் இயலவில்லை. எனவே நிதித்துறைத் தேர்வெழுதிக் கல்கத்தாவில் அரசு அதிகாரியானார். ஆயினும் இயற்பியலை விட்டுவிடவில்லை. பகலில் அலுவலகக் கணக்கு. வேலை முடிந்ததும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு.

பத்தாண்டுகள் கழிந்தன. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளம் குறைவு என்றறிந்தும் அரசுப் பதவியைத் துறந்தார். 1928-இல் இராமன் விளைவைக் கண்டறிந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்றார். 1970-இல் மறைந்தார்.

பட்டம் பெற்றுப் பிரியும் நண்பர்களே, கிடைக்கும் முதல் வேலை நாம் விரும்பியதாக இல்லாமல் போகலாம். மாலைப் பொழுது நம் கையில்தான் இருக்கிறது.