பிடிக்குள் நிற்காத எஞ்சினும் அதைச் செய்த மனிதரும்

நான் எஞ்சின் திருத்துகிறவன். நீர் இறைக்கும் மோட்டோர், லான்ட்மாஸ்டர், உழவு இயந்திரம் என்று வன்னியில் ஓடும் எல்லாம் என் பட்டறைக்கு வரும். சத்தத்தைக் கேட்டே என்ன வருத்தம் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு எஞ்சினின் சத்தத்தை மட்டும் நான் நின்று கேட்டதில்லை. கிபிர் வந்தால் பதுங்குகுழிக்குள் விழுவோம். அது போன பிறகு யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவோம்.

போன வருடம் சென்னையிலிருந்து வந்த அக்காவைக் கூட்டிவரப் பலாலிக்குப் போனேன். வந்தது சாதாரண ஏ.ரி.ஆர். 72 பயணிகள் விமானம். ஆனாலும் சத்தம் கிட்ட வந்ததும் என் தோள் தானாகக் குனிந்தது. கூட வந்த மகள் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறாள். அந்த விமானத்தில் காற்றாடி இருந்தாலும் அதைச் சுற்றுவது எரிவாயுச் சுழலி என்றும், குண்டுவீச்சு விமானத்தில் இருப்பதும் அதே இனந்தான் என்றும் சொன்னாள். அதை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் பிராங்க் விட்டில் என்றாள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

விட்டில் 1907 ஜூன் 1ஆம் திகதி இங்கிலாந்தின் கொவன்றி நகரில் பிறந்தார். தந்தை மோசஸ் ஒரு மெக்கானிக். பிஸ்டன் றிங் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றை அவர் பின்னாளில் வாங்கினார். மகன் அங்கேதான் கைவேலை பழகினார். பதினைந்து வயதில் பிரித்தானிய விமானப் படையில் பயிலுநராகச் சேரப் போனபோது, ஐந்தடி உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடற்பயிற்சி செய்து மூன்று அங்குலம் வளர்ந்து போயும் மறுத்தார்கள். விடாமல் மீண்டும் விண்ணப்பித்து 1923இல் உள்ளே போனார். பின்னர் விமானியானார்.

1928இல், 21 வயதில், எதிர்கால விமானங்கள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வேகமாகப் பறக்க வேண்டுமானால் காற்று மெலிந்த உயரத்துக்குப் போக வேண்டும். அங்கே பிஸ்டன் எஞ்சினும் காற்றாடியும் தளர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் விடை பிடிபட்டது. காற்றை உறிஞ்சி அமுக்க வேண்டும். அதில் எரிபொருளை எரிக்க வேண்டும். வரும் சூடான வாயுவால் ஒரு சுழலியைச் சுற்றி, மீதியைப் பின்னால் பீறிட விட வேண்டும். அமைச்சு அது சரிவராது என்றது. 1930இல் தானே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935இல் அதைப் புதுப்பிக்க 5 பவுண் வேண்டியிருந்தது. அவரிடம் இல்லை, அமைச்சும் கட்டவில்லை. காப்புரிமை காலாவதியானது. 1936இல் நண்பர்களின் உதவியோடு பவர் ஜெட்ஸ் என்ற சிறிய கம்பனி பிறந்தது.

1937 ஏப்ரல் 12ஆம் திகதி றக்பி நகரத் தொழிற்சாலை ஒன்றில் அந்த எஞ்சினை முதன்முதலாக இயக்கினார்கள். மின்மோட்டோரால் சுற்றி, தீ மூட்டி, பிரதான எரிபொருள் வால்வை விட்டில் திறந்தார். எஞ்சின் அலறிக்கொண்டு வேகம் ஏறியது. உடனே வால்வை மூடினார். வேகம் குறையவில்லை, இன்னும் ஏறியது. சுற்றி நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவர் வால்வில் கை வைத்தபடி நின்றார். பிறகு அது தானாகவே அடங்கியது. எரியறையின் அடியில் முன்னரே எரிபொருள் தேங்கியிருந்ததுதான் காரணம். தேங்குவது வடிந்து போக ஒரு குழாய் பொருத்தினார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பழைய டீசல் எஞ்சின் தன் ஒயிலையே குடிக்கத் தொடங்கினால் இப்படித்தான் ஏறும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்று வரும் வாயைச் சாக்கால் அடைக்க வேண்டும். அந்த நேரத்தில் கிட்டப் போகிறவனுக்கு உயிர் கையில் இல்லை.

எரிவாயுச் சுழலியின் பெரும் சிக்கலே இந்தப் பிடிதான். எரிபொருளைச் சட்டென்று கூட்டினால் சுழலியின் இதழ்கள் வெந்து போகலாம். அமுக்கிய காற்று தடுமாறி முன்பக்கமாகவே வெடித்துத் திரும்பலாம். சட்டென்று குறைத்தால் தீ அணைந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் சுற்றும் தகட்டைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். ஆரம்பகால ஜெட் விமானிகள் நெம்புகோலை மெல்ல மெல்லத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. பிறகு வில்லுகளும் எரிபொருள் அழுத்தமும் கொண்ட பொறிகள் அந்த வேலையை எடுத்தன. 1969இல் பறந்த கொன்கோர்டில் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. 1984இல் போயிங் 757இன் ஒரு வகை எஞ்சினை முழுக்கக் கணினியே ஆளத் தொடங்கியது.

இப்போது விமானி நெம்புகோலைத் தள்ளுவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. வெளிக்காற்றின் அழுத்தம், வெப்பம், தண்டின் வேகம், வெளியேறும் வாயுவின் சூடு எல்லாவற்றையும் கணினி நொடிக்குப் பல தடவை அளந்து, எவ்வளவு எரிபொருள் விடலாம் என்று முடிவெடுக்கிறது. ஒரு தடம் பழுதானால் மற்றது பொறுப்பெடுக்கும். எஞ்சினில் பொருத்திய தனி மின்பிறப்பாக்கியிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைக்கும்.

விட்டிலின் எஞ்சினோடு விமானம் பறந்தது 1941 மே 15ஆம் திகதி, 17 நிமிடம். ஜேர்மனியில் ஹான்ஸ் வொன் ஓஹைனின் எஞ்சின் 1939இலேயே பறந்துவிட்டது. இருவரையும் அரசுகள் தாங்கியது போருக்காகத்தான். இரவு பகலான வேலை விட்டிலின் நரம்பைத் தின்றது. விழித்திருக்க மாத்திரை போட்டார். பலமுறை நோயில் விழுந்தார். 1944இல் அரசு கம்பனியையே எடுத்துக்கொண்டது. அவர் பெற்ற பிள்ளை அவர் கையில் இல்லாமல் போனது. 1948இல் சேர் பட்டமும் ஒரு இலட்சம் பவுணும் கொடுத்தார்கள். 1976இல் அமெரிக்காவில் குடியேறினார். எதிரி நாட்டில் இதே வேலையைச் செய்த ஓஹைன் அவருக்கு நண்பரானார். 1991இல் இருவரும் ஒரே பொறியியல் விருதைப் பகிர்ந்தார்கள். 1996 ஓகஸ்ட் 9ஆம் திகதி விட்டில் காலமானார். கிபிர் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டதும் அதே வருடந்தான்.

அவரை வெறுக்க எனக்கு முடியவில்லை. ஐந்து பவுண் இல்லாமல் நின்றவர், எல்லாரும் ஓடியபோது வால்வை விடாதவர். ஆனால் குழிக்குள் இருந்த எங்களை மறந்து அவரைப் புகழவும் மனம் வரவில்லை. எஞ்சினுக்குப் பிடி கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கணினி சூட்டையும் வேகத்தையும் அளக்கும். விமானத்தின் அடியில் என்ன தொங்குகிறது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் மனிதர்கள்; அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை எஞ்சினிடம் கேட்டுப் பயனில்லை.

ஒரு மாதம் கழித்து அக்காவை வழியனுப்பப் போனேன். அந்த விமானத்தின் எஞ்சினுக்குள் காற்றை அமுக்குவது விட்டில் பயன்படுத்திய அதே மையவிலக்கு வகை என்று அதற்குள் படித்திருந்தேன். எஞ்சின் மூச்செடுத்தது, தீப் பிடித்தது, தடுமாறாமல் ஏறியது. தோள் இந்த முறையும் குனிந்தது. என்றாலும் வேலியருகே நின்று, சத்தம் மறையும் வரை கேட்டேன். நல்ல எஞ்சின். ஒரு வருத்தமும் இல்லை.